வெறும் வள்ளத்தில் தைத்த ஒட்டு

ஏற்றமரத்தில் கேமராவைக் கட்டி ஆகாயத்துக்குத் தூக்கியவன் நான். பனங்கைகளைத் தண்டவாளமாக வரிசையாகப் போட்டு, கால் புதைகிற கடற்கரை மணலில் டிராலி ஓட்டியவன் நான். உப்பளத்துச் சேற்றில் ஆறு ஆள் நிற்கிற மாதிரி மேடை கட்டி, மூன்று நாள் அது ஒரு விரல்கடைகூட இறங்காமல் நிறுத்திக் காட்டியவன் நான். ஊரே காய்ந்து கிடந்த ஒரு சித்திரையில் தெரு முழுக்க மழை பெய்ய வைத்து, பிள்ளைகள் நனைந்து ஆடும்படி செய்தவனும் நான்தான். இத்தனைக்கும் நாலாம் வகுப்போடு சரி. பிற்பாடு மெட்ராஸில் என் பெயர் எழுதின லாரி ஓடியது. என் கிரேன் கிடைக்கவில்லை என்று பெரிய கம்பெனிகள் படப்பிடிப்புத் தேதியையே தள்ளி வைத்தன. எவனும் என்னைக் கைதூக்கி விடவில்லை. நானே ஏறினேன்.

யூனிட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, நட்டு போல்ட்டு முடுக்குவதை உங்கள் மேஸ்திரி சொல்லித் தருவார். நான் அதைப் பற்றி எழுதவில்லை. போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. மெட்ராஸில் சினிமா சொல்லித் தருகிற ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு பெண் பேசியது. அந்தக் காலத்து மாணவர்கள் எடுத்த ஒரு ரெண்டு நிமிஷத் துண்டைச் சுத்தம் செய்து திரும்பப் போடப் போகிறார்களாம். பெயர்ப் பட்டியலையும் புதிதாக எழுதுகிறார்களாம். "அய்யா, கடைசியில மேலருந்து எறங்குற அந்த ஷாட்ட எந்தக் கிரேன்ல எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டது.

எந்தக் கிரேன் என்று கேட்டது, யார் என்று கேட்கவில்லை. அதனால்தான் இத்தனை வயதில் பேனாவைப் பிடித்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டிக்கெட் விலை அணாவிலிருந்து நயாபைசாவுக்கு மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. சாயல்குடி டூரிங் கொட்டகையில் எனக்குத் தச்சு வேலை. பெஞ்சுக்குக் கால் போடுவது, திரை கட்டுகிற சட்டம் சாய்ந்தால் நிமிர்த்துவது. ஒரு நாள் மத்தியானம் ரெண்டு பேர் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொட்டகையைத் தேடி வந்தார்கள். ஒருத்தர் வரதன். ஒல்லியான ஆள், கழுத்தில் விசில், கையில் நோட்டு. டைரக்ஷன் படிக்கிறவர். இன்னொருத்தர் பாஸ்கர், கேமரா படிக்கிறவர். பெட்டியைக் கீழே வைக்காமல் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருந்தார்.

"மிஸ்டர், இங்க நல்ல கார்பெண்டர் யாரு?" என்றார் வரதன். என்னை மிஸ்டர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

"நல்ல கார்பெண்டர்னா இந்த முத்திருளாண்டிதான். மத்தவங்க எல்லாம் மரம் அறுக்குறவங்க" என்றேன். சிரித்துவிட்டார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

படிப்பு முடிக்க அவர்களுக்கு ஒரு பரீட்சை. முழுப்படம் எடுக்க வேண்டாம். ஒரு திகில் படத்துக்கு முதலில் பெயர் ஓடுமே, அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும் எடுத்து வர வேண்டும். கதை என்ன என்று கேட்டேன். "கதை இல்ல முத்து. கதை அதுக்கப்புறந்தான் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி பயம் மட்டும் வரணும்" என்றார் வரதன்.

நோட்டை விரித்துக் காட்டினார். பக்கத்துக்கு ஆறு கட்டம், கட்டத்துக்குள் படம். இங்கிலீஷில் எழுதியிருந்ததை என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் படத்தைப் படிக்க எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டியதில்லை. மணலில் ஒரு ஆளின் கால் தடம் கடலுக்குள் போகிறது, திரும்பி வரவில்லை. காய்கிற வலைகளை ஒட்டியே கேமரா நகர்கிறது, கடைசி வலைக்குப் பின்னால் பகல் வெளிச்சத்தில் ஒரு லாந்தர் எரிகிறது. கடைசிக் கட்டத்தில் கடல். தூரத்தில் இருந்து ஒரு வள்ளம் கரையைப் பார்த்து வருகிறது. அதில் ஆளே இல்லை.

எல்லாக் கட்டத்திலும் இடது பக்கம் வெறுமையாகக் கிடந்தது. "ஏன் தம்பி, இந்தப் பக்கம் வரைய மறந்துட்டீகளா?" என்றேன்.

"அது பேருக்கு விட்ட எடம். டைட்டில் எடுக்குறவன் மொதல்ல பேருக்கு எடம் விடணும். அப்புறந்தான் மத்ததெல்லாம்."

அந்தக் காலி இடத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அதில் கொஞ்சம் இடம் இருக்கும் என்று நினைத்தேன்.

மாரியூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மீனவக் குடியிருப்பு. இருபது வீடு, ஒரு சின்னக் கோயில், மாதா சொரூபம். அந்த ஊர்ப் பேர் இங்கே வேண்டாம். வீடுகளுக்கு மேற்கே ஒரு பெரிய மணல்மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத கரை. இடம் வரதனுக்குப் பிடித்துவிட்டது. வேறு ஊரிலிருந்து சவரிமுத்து அண்ணனை அவருடைய வள்ளத்தோடு கூட்டி வந்தேன். கையில் திருக்கை மீனின் முள் குத்தி, அவர் கடலுக்குப் போகாமல் இருந்த நேரம்.

பனங்கைத் தண்டவாளம், டிராலி எல்லாம் ரெண்டு நாளில் முடிந்தது. மணலில் போகிற கால் தடத்துக்கு வரதனின் காலைப் பார்த்தேன். செருப்புப் போட்டே வளர்ந்த கால், தடம் பிஞ்சாக விழுந்தது. "இது பயமுறுத்தாது தம்பி, தள்ளுங்க" என்று நானே நடந்தேன். அந்தப் படத்தில் கடலுக்குள் போவது என் கால் தடம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கி இருந்தது கடைசி ஷாட். வள்ளம் வருவதை உசரத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றார் வரதன். கிரேனுக்கு எங்கே போவது? தண்ணி வற்றிப்போன ஒரு தோட்டக் கிணற்றில் ஏற்றமரம் சும்மா கிடந்தது. வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தேன். நடுவில் கால் நட்டு, ஒரு முனையில் பலகை கட்டினேன். பாஸ்கர் கேமராவோடு அதில் உட்காருவார். மறு முனையில் கல். ஏற்றம் மிதிக்கிற ஆள் மாதிரி மரத்தின் மேல் நான் நடப்பேன். பின்னால் நடந்தால் கேமரா ஏறும், நடுவுக்கு வந்தால் இறங்கும். பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு கயிறு மட்டும்.

முதலில் உப்பு மூட்டையை உட்கார வைத்து ஏற்றி இறக்கினேன். முதல் தடவை அச்சு முறிந்து மூட்டை தலைகுப்புற விழுந்தது. பாஸ்கர் அந்த மூட்டையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"முத்து, அந்த மூட்டைக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"எனக்கும் ஆகல. ஞாபகம் வச்சுக்க."

இரும்பு அச்சுப் போட்டு, பத்துத் தடவை மூட்டையை ஏற்றி இறக்கி, நானே ஒரு தடவை அந்தப் பலகையில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்கப்புறம்தான் அவரை ஏற்றினேன். இன்றைக்கும் எவன் கிரேன் கட்டினாலும் முதலில் அவன்தான் அதில் ஏற வேண்டும். இது என் சட்டம். மாற்ற முடியாது.

ஆள் இல்லாமல் வள்ளம் எப்படி வரும்? சவரிமுத்து அண்ணன் உள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே வலையைப் போட்டு மூடிக்கொண்டு, சுக்கானைக் காலால் பிடிப்பது என்று ஏற்பாடு. விசில் கேட்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது.

"ஏலே முத்திருளு, பொணமா நடிக்கச் சொன்னாக்கூட நடிச்சிருவேன். வலைக்குள்ள மூச்சு முட்டுதுடா."

"அண்ணே, நீங்க நடிக்கவே வேணாம். இல்லாம இருந்தாப் போதும்" என்றார் பாஸ்கர்.

"அதாம்ப்பா கஷ்டம். உசுரோட இருக்குறவன் எப்படி இல்லாம இருப்பான்?"

ஒத்திகை பார்த்தோம். வள்ளத்தில் கட்டியிருந்தது காவி படிந்த பாய். வெயிலில் கடலும் பாயும் ஒரே மங்கலாகத் தெரிந்தன. கேமராவுக்குள் கண்ணை வைத்த பாஸ்கர் உதட்டைப் பிதுக்கினார். "வள்ளம் எங்க இருக்குன்னே தெரியல வரதா. பாதித் தூரம் வந்தப்புறந்தான் கண்ணுல படுது." வரதன் முகம் செத்துவிட்டது. கையில் இருந்தது கடைசி டப்பா பிலிம். அதிலும் ஒரு ஷாட்டுக்கு மட்டும்தான் பாக்கி. தப்பினால் இன்னொன்று வாங்க வழி இல்லை. பரீட்சை போய்விடும்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. முதல் நாள் அந்த ஊர்க் கரையில் ஒரு வள்ளம் கிளம்பிப் போனதைப் பார்த்திருந்தேன். காவிப் பாயில் உச்சிக்குப் பக்கத்தில் முக்கோணமாக ஒரு வெள்ளை ஒட்டு. எவ்வளவு தூரம் போனாலும் கண் அதை விடவில்லை. "எங்கிட்ட விடுங்க தம்பி" என்றேன். மாவுச் சாக்குத் துணியில் அதே மாதிரி முக்கோணம் வெட்டி, அதே இடத்தில், சாக்கு ஊசியால் தைத்தேன். மறுபடி வள்ளத்தை ஓட்டிப் பார்த்தால், கடலின் கோட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி. கண் தானாக அங்கே போகிறது. வரதன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு யாருய்யா இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல" என்றேன். நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னேன்.

தம்பிகளே, கடலை விட்டுத் தள்ளி வெள்ளாமைக் காட்டில் பிறந்தவன் நான். ஒட்டு என்றால் எனக்குக் கிழிசலை மூடுகிற துணி. அதற்கு மேல் தெரியாது.

ஊருக்குச் சொல்லாமல் நாங்கள் எடுக்கவில்லை. ஊர்ப் பெரியவரைப் பார்த்தோம். அவரைச் சுற்றி நாலைந்து ஆம்பிளைகள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். "எடுத்துட்டுப் போங்க, மேட்டுக்கு அங்கன எங்களுக்கு என்ன வேல" என்றார்கள். மறுநாள் அத்தனை பேரும் கடலுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் யாரிடம் சொன்னோமோ அவர்களில் ஒருத்தர்கூடக் கரையில் இல்லை. கரையில் இருந்த பெண்களிடம் நாங்கள் சொல்லவில்லை. ஊருக்குச் சொல்வது என்றால், அன்றைக்கு ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதை நான் அப்போது அறியவில்லை.

படம் எடுக்கிற அன்று விடியும்போதே காற்று பலமாக இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் வரவில்லை. அது அந்தோணி என்கிறவருடைய வள்ளம். வந்த ஆம்பிளைகள் அதைத் தேடித் திரும்பவும் கடலுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் நாங்கள் ஏற்றமரத்தைக் கட்டிக்கொண்டு இருந்ததால் எங்களுக்கு எதுவும் தெரியாது.

வெயில் ஏறியது. சவரிமுத்து அண்ணன் வள்ளத்தைத் தூரக் கொண்டுபோய்த் திருப்பிவிட்டு வலைக்குள் படுத்தார். நான் மரத்தின் மேல் பின்னால் நடந்தேன். பாஸ்கர் மேலே போனார். அவருடைய கேமரா சாவி கொடுத்து ஓடுவது. ஒரு முறுக்குக்கு அரை நிமிஷம் ஓடும். வெள்ளை ஒட்டு நன்றாகத் தெரிகிற தூரத்துக்கு வள்ளம் வந்ததும் வரதன் கையை இறக்கினார். கேமரா கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. ஏற்பாட்டின்படி நான் அசையக் கூடாது. கேமரா உசரத்திலேயே நிற்க வேண்டும். ஷாட் முடிகிற வரைக்கும் வானத்தில் இருந்து பார்க்கிற பார்வை.

அப்போது மேட்டின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அடியே, அந்தோணி வள்ளம்டி! ஒட்டப் பாருங்கடி!"

இன்னொரு குரல், "ஆளக் காணோமேடி! உள்ள ஆளக் காணோமே!"

ஏழெட்டுப் பெண்கள் மேட்டில் இருந்து சரிந்து ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். எங்களையோ கேமராவையோ அது பார்க்கவே இல்லை. எங்களைத் தாண்டி ஓடி, கடலுக்குள் இறங்கியது. அது அந்தோணியின் மனைவி, செபஸ்தியம்மாள்.

வரதன் என் பக்கம் திரும்பி, சந்தோஷத்தில் வாய் பிளந்து, "முத்து! நீதான் ஏற்பாடு பண்ணியா? பிரமாதம்யா! அசையாதே, அப்படியே வை!" என்றார்.

ஒட்டு என்ற ஒரு சொல்லிலேயே எனக்கு எல்லாம் புரிந்துபோனது. அந்தக் கரையில் பெண்கள் வள்ளத்தை முகம் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. முகம் தெரிகிற தூரம் வருவதற்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் வீட்டுக்கு வீடு வேறு வேறு ஒட்டு. நான் பார்த்து அழகாக இருக்கிறது என்று தைத்தது, கடலில் இருந்து இன்னும் திரும்பாத ஒரு மனுஷனுடைய அடையாளத்தை. அதை ஒரு வெறும் வள்ளத்தில் தைத்து, அவன் பெண்டாட்டி இருக்கிற கரைக்கே அனுப்பியிருக்கிறேன்.

என் ஒரு கால் மரத்தை விட்டு எழும்பிவிட்டது. குதித்து ஓடியிருப்பேன். ஆனால் நான் குதித்தால் மறு முனை என்ன ஆகும்? பாஸ்கர், கேமரா எல்லாம் உப்பு மூட்டை மாதிரித் தலைகுப்புறப் போகும். அந்தப் பெண் இடுப்புத் தண்ணிக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் கொஞ்சம் தாண்டினால் பள்ளம் என்று சவரிமுத்து அண்ணன் சொல்லியிருந்தார். அவரோ வலைக்குள் விசிலுக்காகக் காத்துக் கிடக்கிறார்.

இங்கே கவனியுங்கள். அவசரத்தில் உனக்கு ரெண்டு உசுர் தெரியும். எதிரே தெரிகிற உசுர் பெரிதாகத் தெரியும். முதுகுக்குப் பின்னால் உன்னை நம்பி ஏறியிருக்கிற உசுர் சின்னதாகத் தெரியும். ஏற்றினவனை இறக்கிவிட்டுத்தான் நீ ஓட வேண்டும். எழும்பின காலை மரத்தில் வைத்தேன். நடுவைப் பார்த்து நடந்தேன். ஒன்பது எட்டு எடுத்து வைத்தேன். ஒரு எட்டுகூட அவசரமாக வைக்கவில்லை. அவசரப்பட்டால் மரம் குதிக்கும். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான மரத்தில் நான் நடந்ததில்லை.

"எறக்காதே முத்து! யார் உன்ன எறக்கச் சொன்னா!" என்று வரதன் கத்துகிறார். பாஸ்கர் கண்ணைக் கேமராவில் இருந்து எடுக்கவில்லை. மரம் இறங்க இறங்க, வானமும் கடலுமாக இருந்த பார்வை மெல்லத் தணிந்து, கடைசியில் தண்ணிக்குள் போகிற ஒரு பெண்ணின் முதுகில் வந்து நின்றது. பலகை மணலைத் தொட்டது. அதே நேரம் சாவி தீர்ந்து கேமராவும் நின்றது.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் பிலிமில் இல்லை.

மரத்தில் இருந்து குதித்து ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது. நெஞ்சுத் தண்ணியில் நின்று, "அண்ணே, எந்திரிங்க! எந்திரிங்கண்ணே!" என்று அலறினேன். வலை அசைந்தது. சவரிமுத்து அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அவர் தலையைப் பார்த்ததும் அந்தப் பெண் வைத்த கூப்பாடு இருக்கிறதே, அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. யாரோ ஒருத்தன் தன் புருஷன் வள்ளத்தைக் கொண்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டது.

"எம் புருசன் எங்கய்யா? ஏ மாதாவே, அவர எங்க விட்டுட்டு வந்தீரு?"

சவரிமுத்து அண்ணன் திகைத்துப்போய், "எந்தப் புருசன் தாயி? நான் கரையிலருந்துதான வாரேன்!" என்றார். ஒரு அலை வந்து பெண்ணைப் புரட்டியது. அவர் குதித்து ஒரு கையால் பிடித்தார், நான் இன்னொரு கையைப் பிடித்தேன்.

"அக்கா, இது அவுக வள்ளம் இல்ல. இந்த ஒட்டு நான் தச்சது. சினிமாவுக்குத் தச்சேன்."

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது ஏறவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாயை எட்டி இழுத்து, ஒட்டை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, தையலை விரலால் தடவிப் பார்த்தது. நான் போட்டது நீளத் தையல், சாக்குத் தையல்.

"இது எந் தையல் இல்ல" என்றது. ரெண்டு தடவை சொன்னது. அப்புறம்தான் அழுகை நின்றது. நின்றதும் என் நெஞ்சில் ஈரக்கையால் அறைந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

கரைக்கு வந்தோம். இது முடிந்த கதை என்று நினைக்காதீர்கள். அந்தோணி இன்னும் வரவில்லை. அவர் வராமலேயே போனால்? அந்தச் சேதியை முதலில் கரைக்குக் கொண்டுவந்தவன் நான் என்று ஆகும். மணலில் அந்தப் பெண் கடலைப் பார்த்து உட்கார்ந்தது, மற்றப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தள்ளி நாங்கள். பாஸ்கர் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். வரதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முத்து, நான் கட் சொல்லல."

"கேட்டுச்சு" என்றேன்.



உச்சி வெயிலில் ஒரு பாய் தெரிந்தது. வெள்ளை ஒட்டும் தெரிந்தது. நான் எழுந்தேன். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. மற்றப் பெண்களும் எழுந்திருக்கவில்லை. ஒட்டைப் பார்த்து நம்ப யாருக்கும் தைரியம் இல்லை. வள்ளம் நெருங்கி, உள்ளே தலை தெரிந்து, ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றாவது தலை அந்தோணிதான் என்று ஒரு கிழவி சொன்ன பிறகுதான் எழுந்தார்கள். பாய்க்கயிறு அறுந்து, அதை முடிந்து கட்டிக்கொண்டு மெதுவாக வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

விஷயத்தைக் கேட்டு அந்தோணி சிரித்தார். "ஏலே, நான் போனா இவ ஓடி வருவாளான்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். இப்பச் சாட்சியே இருக்கா?"

"இன்னொரு தடவ போய்ப் பாரும், அப்பத் தெரியும் ஓடுறனா உக்காந்திருக்கனான்னு" என்றது அந்தப் பெண். அப்புறம் என்னைப் பார்த்தது. கோபம் போயிருந்தது. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"தம்பி, அந்த ஒட்டு எங்க கல்யாண வேட்டியில கிழிச்சு நான் தச்சது. தூரத்துல அதக் கண்டாப் போதும், நான் உலைய வச்சிருவேன். இனிமே தலைய எண்ணாம என்னால உலை வைக்க முடியாது. அத நீ கெடுத்துட்ட."



வரதனுக்குப் பாக்கி இருந்தது அந்த ஒரு ஷாட்தான். அது இல்லையென்றால் அவர்கள் மெட்ராஸுக்கு வெறும் கையோடு போக வேண்டும். "அந்தப் பொண்ணக் கேக்காம அத நீங்க எடுத்துட்டுப் போனா, ஏத்தமரத்த இங்கனயே கொளுத்திட்டுப் போவேன்" என்று சொன்னது நான். கேட்கப் போனதும் நான். வரதன் என் பின்னால் நின்றார், தலையைக் குனிந்துகொண்டு.

"நான் அழுத சத்தம் அதுல வருமா?" என்று கேட்டது அந்தப் பெண்.

"வராதுங்க. படம் மட்டுந்தான்" என்றார் பாஸ்கர்.

"மூஞ்சி?"

"தெரியாது. முதுகுதான்."

"முதுகு போவட்டும், வச்சுக்கங்க. ஒட்டு இருக்கக் கூடாது. அது எங்க பேரு. வெறும் வள்ளத்துல எங்க பேரு இருக்கக் கூடாது."

அப்படித்தான் செய்தார்கள். மெட்ராஸில் அந்தத் துண்டைப் பார்த்தேன். ஒட்டு தெரிகிற முன்பகுதியை வெட்டிவிட்டார்கள். என் மூளையில் உதித்தது, வரதன் என்னைக் கட்டிப் பிடித்தது எல்லாம் வெட்டின பிலிமோடு போயிற்று. மிச்சம் இருப்பது, வானத்தில் இருந்து மெல்ல இறங்கி ஒரு பெண்ணின் முதுகில் நிற்கிற பார்வை. வள்ளத்தின் ஒரு ஓரம்கூட அதில் இல்லை. அவள் எதைப் பார்த்துத் தண்ணிக்குள் போகிறாள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அந்த வருஷம் அவர்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அதைத்தான் பேசினார்களாம். இறங்கவேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று வாத்தியார்கள் வரதனைக் கேட்டார்களாம். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இடது பக்கம் விட்ட இடத்தில் பெயர்கள் வந்தன. என் பெயர் வருமா என்று கடைசி எழுத்து மறைகிற வரைக்கும் பார்த்தேன்.

ஆகையால், புதிதாகப் பட்டியல் எழுதுகிற பள்ளிக்கூடத்தாருக்கு நான் சொல்வது இது. டிராலியும் ஏற்றக் கிரேனும்: சாயல்குடி முத்திருளாண்டி. மணலில் கால் தடம்: அவனே. கடைசி ஷாட்டில் கேமரா இறங்கியது இயக்குநரின் யோசனை இல்லை. இறக்காதே என்று அவர் கத்தினார். ஒரு ஆளைப் பத்திரமாகக் கீழே விட்டுவிட்டு இன்னொரு ஆளைப் பிடிக்க ஓடினவன் வைத்த ஒன்பது எட்டு அது. அப்படியே எழுத வேண்டும். எல்லாருக்கும் முன்னால், தனியாக, செபஸ்தியம்மாள் என்று போட வேண்டும். அதற்கு அவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் முதலில் கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

இன்னும் ஒன்று. படத்தில் இல்லாத ஒன்றுக்குப் பெயர் போடுகிற வழக்கம் இல்லை என்பீர்கள். வழக்கத்தில் இல்லாததை நான் எவ்வளவோ செய்து காட்டியிருக்கிறேன், நீங்கள் இதை ஒன்றைச் செய்யுங்கள். வெட்டி எறிந்த அந்த ஒட்டைத் தைத்தவன் முத்திருளாண்டி என்று கடைசியில் போடுங்கள். வரதன் தலையிலோ பாஸ்கர் தலையிலோ அது விழக் கூடாது. அது என் வேலை.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். கரையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும், அது யாருடையது என்று.